பூரமும் வீரமும்

பதின்மூன்றாவது போத்தலைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் பொன்னுத்துரைக்கு முதல் சந்தேகம் வந்தது. அதுவரைக்கும் அன்றைய பகல் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. கண்டி திருகோணமலை வீதியில் அஸீம் முதலாளியின் மருந்துக்கடையில் அவன் மருந்து கலப்பவனாகச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. போன கிழமை முதலாளி ஏலத்தில் ஒரு பெரிய மருந்துப் பெட்டி எடுத்து வந்திருந்தார். புசல்லாவைப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களில் இருபது வருஷம் வைத்தியம் பார்த்துவிட்டுக் காய்ச்சலில் செத்துப்போன ஒரு வெள்ளைக்கார வைத்தியரின் பெட்டி. உள்ளே நாற்பத்தொரு போத்தல்கள். ஒன்றிலும் மருந்தின் பெயர் இல்லை. வேலைக்காரர்கள் எடுத்துத் தின்றுவிடக் கூடாதென்றோ என்னவோ, அந்த மனிதர் எல்லாவற்றிலும் சிவப்பு மையால் இரசாயனக் குறிகளை மட்டும் எழுதி வைத்திருந்தார். அந்தக் குறிகளைப் படித்து, ஒவ்வொரு போத்தலுக்கும் தமிழிலும் இங்கிலீசிலும் பெயர் எழுதி ஒட்டுவது பொன்னுத்துரையின் வேலை. அவனுக்குப் பிடித்த வேலை.

அவன் யாழ்ப்பாணத்தில் மிஷன் வைத்தியரிடம் தமிழிலேயே மருத்துவம் படித்தவன். உப்புகளின் கணக்கு அங்கேயே அவனைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு சரக்குக்கும் இத்தனை கை என்று உண்டு. சோடியத்துக்கு ஒரு கை, குளோரினுக்கு ஒரு கை. இரண்டும் கோத்துக்கொண்டால் கறியுப்பு. சுண்ணாம்பில் இருக்கும் கல்சியத்துக்கு இரண்டு கை. அதைக் குளோரினோடு சேர்க்க வேண்டுமானால் இரண்டு குளோரின் வேண்டும். எந்தப் பக்கத்திலும் கை மிச்சமிருக்கக் கூடாது. எது எத்தனை என்று தெரிந்துவிட்டால் குறியை எழுதிவிடலாம், குறியை எழுதிவிட்டால் பெயரைச் சொல்லிவிடலாம். தடுமாற்றமில்லாத இந்த ஒழுங்கு, தடுமாற்றங்கள் நிறைந்த நோயாளிகளின் உலகத்தில் அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கையிலிருந்த போத்தலில் CaCl என்று எழுதியிருந்தது. கல்சியம் ஒன்று, குளோரின் ஒன்று. பொன்னுத்துரை இலேசாகச் சிரித்துக்கொண்டான். வைத்தியக் கிழவன் குளோரினுக்கு இரண்டை எழுத மறந்துவிட்டான். கல்சியத்தின் இரண்டாவது கை வெறுமையாகத் தொங்கிக்கொண்டிருக்கிறதே! பெயர்த்தாளில் சரியான குறியை எழுதிப் பசை தடவி ஒட்டினான். அடுத்ததை எடுத்தான். பெரிய போத்தல், முக்கால்வாசி நிறையத் தெளிந்த நீர். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். ஒரு மணமும் இல்லை. வடித்தெடுத்த தண்ணீர்தான். திருப்பிக் குறியைப் பார்த்தான்.

HO.

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. தண்ணீருக்கு ஹைதரசன் இரண்டு, ஒக்சிசன் ஒன்று. இது புதுக் கணக்கு. ஆனால் அவன் படித்த காலத்தில் பலகையில் எழுதிப் போட்டதும் இப்படித்தான், HO என்றுதான். அப்போது ஒக்சிசனின் எடை எட்டு. இப்போது பதினாறு. சீமையில் பெரியவர்கள் கூடி எடைகளையெல்லாம் திருத்திவிட்டார்கள். எடை மாறியதும் குறிகளும் மாறிவிட்டன. போன வருஷம் கூடப் படித்த நண்பன் ஒருவன் அனுப்பிய புதுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் அவனே அட்டவணை முழுவதையும் நோட்டுக் கொப்பியில் எழுதி, பழையதை மறக்கப் படாத பாடு பட்டான். கிழவன் மறந்துபோய் எழுதியதல்ல அது. கிழவன் பழைய கணக்கில் எழுதியிருக்கிறான். எல்லாப் போத்தலிலும்.

காலையில் திறந்த முதல் போத்தலிலும்.

பொன்னுத்துரை எழுந்து நின்றான். கதிரை பின்னால் சரிந்து விழுந்தது அவனுக்குக் கேட்கவில்லை.

காலை பத்து மணிக்கு வேலாயி என்ற பெண் துண்டுக் கடிதத்தோடு வந்திருந்தாள். அக்குறணைக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்திலிருந்து. லயத்து வீடுகளில் ஆறு பேருக்கு இரத்தமாக வயிறு போகிறது, பூரம் என்ற பாதரச மருந்து வேண்டுமென்று தோட்டத் துரை எழுதியிருந்தார். ஆளுக்கு இரண்டு வேளை, சின்னக் காகிதப் பொட்டலங்களாக மொத்தம் பன்னிரண்டு சரை. கடையிலிருந்த பூரம் தீர்ந்து, கொழும்பிலிருந்து வரவேண்டிய சரக்கு இன்னும் ரயிலேறவில்லை. 'ஏலப் பெட்டில பாருங்களேன்' என்று முதலாளிதான் சொன்னார். பார்த்தான். HgCl என்ற போத்தல் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. உள்ளே பாரமான வெள்ளைப் பொடி. பாதரசம் ஒன்று, குளோரின் ஒன்று. பூரம். புதுக் கணக்கில் ஒரு நொடியில் விடை வந்துவிட்டது. சுண்ணாம்பு நீர் விட்டுப் பார்த்துவிட்டுக் கொடுப்பது அவன் வழக்கம். இன்றைக்குப் பார்க்கவில்லை. விடைதான் வந்துவிட்டதே. தராசில் நிறுத்து, காகிதத்தில் மடித்து, 'விளக்கு வைக்கிற நேரத்திலை கஞ்சித் தண்ணியோடை ஆளுக்கு ஒரு சரை குடு' என்று சொல்லி அனுப்பினான்.

பாதரசம் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். சில சமயம் ஒரு கை, சில சமயம் இரண்டு கை. ஒற்றைக் கையால் குளோரினைப் பிடித்தால் பூரம். வயிற்றைச் சுத்தம் செய்கிற மருந்து. இரண்டு கையாலும் பிடித்தால் வீரம். ஒரு குன்றிமணி எடை போதும், தொண்டையிலிருந்து குடல்வரைக்கும் அரித்துக்கொண்டு போகும். புதுக் கணக்கில் பாதரசத்தின் எடை இருநூறு. அதில் HgCl என்றால் பூரம். பழைய கணக்கில் எடை நூறு. அதில் அதே HgCl என்றால் வீரம். எழுத்து ஒன்றுதான். எழுதியவன் எந்தக் காலத்து ஆள் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

சுண்ணாம்பு நீர்ப் போத்தலை எடுத்தான். காலையில் நிறுத்ததில் மிச்சமிருந்த பொடியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் விட்டான். கரைந்தது. பூரம் கரையாது. கரைந்ததைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டான். பூரமானால் கறுக்க வேண்டும். கிண்ணத்தில் மஞ்சளாக, பழுத்த பப்பாசிச் சதைபோல, ஒரு படிவு மெல்ல இறங்கிற்று.

பெட்டியைக் கிளறினான். அடியில் Hg₂Cl என்று இன்னொன்று கிடந்தது. அதில் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுப் பார்த்தான். கறுத்தது. இதுதான் பூரம். காலையிலிருந்து பக்கத்திலேயே கிடந்திருக்கிறது.

"என்ன தம்பி, மொகமெல்லாம் வெளுத்துப் போயிரிக்கி?" உள்ளே சாப்பிட்டுவிட்டு வந்த அஸீம் முதலாளி கதவு நிலையில் நின்றார்.

"காலமை குடுத்தது பூரமில்லை, முதலாளி. நஞ்சு. பன்னிரண்டு சரையும் நஞ்சு."

அவர் கிண்ணத்தையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். "யா அல்லாஹ்... அந்தப் பொம்புள எப்பப் போன?"

"சந்தையிலை உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டு போறன் எண்டவ. பன்னிரண்டு மணிக்கு வெளிக்கிட்டிருப்பா. பொழுதுபடத்தான் குடுக்கச் சொன்னனான். ஓடினால் பிடிக்கலாம்."

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "போங்க. இப்பவே போங்க. ஆனா நஞ்சுன்டு ஒருத்தருக்கும் செல்லவாணாம். மருந்து மாறிப் போச்சி, நல்லது இதுன்டு செல்லி மாத்தி எடுத்துட்டு வாங்க. அந்த வார்த்த தொரைமாருட காதுல விழுந்தா ஒங்களையும் கோட்டுல நிறுத்துவாங்க, என்னையும் நிறுத்துவாங்க. எனக்கு அஞ்சு புள்ள."

பொன்னுத்துரை பூரப் போத்தலையும் ஒரு எலும்புக் கரண்டியையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். அவர் சொன்னதை அவன் மறுக்கவில்லை. அது நியாயமாகக்கூட அவனுக்குப் பட்டது. "வீட்டிலை முட்டை இருக்கோ?" என்று மட்டும் கேட்டான்.

"முட்டையா?"

"வெண்கரு வேணும். ஆராவது திண்டிருந்தால்..."

முதலாளி உள்ளே ஓடினார். சின்னக் கூடையில் உமி பரப்பி எட்டு முட்டைகளோடு வந்தவர், தன் குடையையும் எடுத்து அவன் கக்கத்தில் செருகிவிட்டார். வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து, "தம்பி, நான் செல்லினது ஞாபகம்" என்றார். அதில் மிரட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

கட்டுகஸ்தோட்டைக்கு மூன்று மைல். பள்ளிக்கூடம் விட்ட பிறகு பொன்னுத்துரை ஓடியதில்லை. இருநூறு யார் போவதற்குள் விலாவில் குத்தத் தொடங்கிவிட்டது. ஐப்பசி மாதம், மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்த வானம் உடைந்து மழை கொட்டிற்று. குடையை விரித்தால் ஓட முடியாது. அதை மடக்கிக் கூடைக்கு மேலே பிடித்துக்கொண்டு நனைந்தபடி ஓடினான். கோப்பி பறிக்கிற பருவம் வேறு. மாத்தளைப் பக்கமிருந்து கோப்பி மூட்டை ஏற்றிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே வந்துகொண்டிருந்தன. நனைந்த மாடுகளின் வாடையும் சாக்கு வாடையும் சேர்ந்து தெருவை அடைத்தன. ஒரு வண்டிக்காரன் அவனைப் பார்த்துச் சிங்களத்தில் என்னவோ கேட்டுச் சிரித்தான். ஒரு வளைவில் கால் வழுக்கி முழங்கால் தரையில் மோதியது. கூடைக்குள் ஏதோ நொறுங்கிய சத்தம். திறந்து பார்க்கவில்லை.

ஓடும்போது மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த முடியவில்லை. ஒரு சரைக்கு இரண்டரைக் குன்றிமணி எடை. ஆறு பேர். ஏற்கெனவே இரத்தம் போய் மெலிந்த ஆட்கள். ஒருவர் தப்பினால் அதிசயம். பொழுது பட ஆறு மணி. இப்போது இரண்டரை. அவள் நடை வேகமாக இருந்தால்? பாதி வழியில் தெரிந்த வண்டி ஏதாவது ஏற்றிக்கொண்டிருந்தால்? போனதும் போகாததுமாக, விளக்கு வைக்கும்வரை காத்திராமல் கொடுத்துவிட்டால்? வேதனையில் துடிக்கிறவனுக்கு முன்னால் மருந்தை மடியில் வைத்துக்கொண்டு யார்தான் நேரம் பார்ப்பார்கள்?

ஆற்றுக்கு இந்தக் கரையில், பாலத்துக்குச் சற்று முன்னால், வழிப்போக்கர் தங்கும் அம்பலம் ஒன்று இருந்தது. நாலு தூணும் ஓட்டுக் கூரையும்தான். பொன்னுத்துரை ஓட்டத்தைக் குறைத்து உள்ளே பார்த்தான். ஒருவன் முழுக்கப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தான். ஒரு இளம்பெண் ஈரச் சுள்ளியில் நெருப்புப் பற்ற வைக்க ஊதிக்கொண்டிருந்தாள். வேலாயி அங்கே இல்லை. அந்தப் பெண் புகைக்குள்ளிருந்து நிமிர்ந்து அவனைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவன் நிற்கவில்லை.

பாலத்தில் ஒரு வண்டியின் சக்கரம் கழன்று இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டிருந்தது. மாடுகளின் கொம்புக்கும் கம்பிக்கும் இடையில் புகுந்து, கூடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் விழுந்தான். கீழே மகாவலி செம்மண் கரைத்துக் கொண்டு ஓடிற்று. கடைத்தெருவைத் தாண்டி மாத்தளை வீதியில் ஒரு மைல் போயிருப்பான். மழை விட்டுத் தூறலானது. தெருவோரப் பலாமரத்தின் அடியில், தலைமேல் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, ஒரு பெண் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வேலாயி! நில்லுங்கோ!" உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து அவன் கத்தினான். காலையில் 'நீ' என்று சொன்னவன்.

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். நாற்பது வயதிருக்கும். இறுகிய முகம். லயத்தில் யாருக்கு நோய் வந்தாலும் கூப்பிடுவது இவளைத்தான் என்று துரையின் கடிதத்தில் இருந்தது அவனுக்கு இப்போது நினைவு வந்தது. "என்னங்கய்யா, இப்புடி ஓடி வர்றீங்க? காலெல்லாம் ரத்தம்."

"மருந்து... குடுத்திட்டீங்களோ?"

"இன்னும் நாலு மைலு இருக்குதே. எங்கிட்டுக் குடுக்குறது?"

அவன் மரத்தில் சாய்ந்தான். பேச்சு முதலாளி சொல்லிக் கொடுத்தபடியேதான் வந்தது. "மருந்து மாறிப் போச்சு. அதைத் தாங்கோ. நல்லது கொண்டந்திருக்கிறன்."

வேலாயி மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எடுக்கவில்லை. "மாறிப்போச்சுன்னா? இது என்ன மருந்து?"

"இது... வேறை."

"வேறன்னா, அதுக்கு நாலு மைலு மழையில ஓடி வருவாங்களா?" அவள் கண்கள் அவன் முகத்தை விட்டு அகலவில்லை. "காலையில இதுதான் நல்ல மருந்துன்னீங்க. இப்ப அதுதான் நல்லதுங்கிறீங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீங்க சொல்றத வச்சுத்தான் நான் ஆறு பேரு வாயில ஊத்தணும். எத நம்பி ஊத்துறது?"

குறி, கை, எடை, இருநூறு, நூறு என்று ஒரு முழு அட்டவணை பொன்னுத்துரையின் தலைக்குள் இருந்தது. அதில் ஒன்றைக்கூட இந்தப் பெண்ணுக்கு முன்னால் எடுத்து வைக்க முடியாது. அதை நம்பித்தானே அவனே காலையில் விழுந்தான்? அவள் கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தான். மறு கையில் சுண்ணாம்பு டப்பி.

"அந்தச் சுண்ணாம்பைக் கொஞ்சம் தாங்கோ" என்றான்.

தெருவோரத்தில் கிடந்த இரண்டு சிரட்டைகளை எடுத்து, வாய்க்கால் தண்ணீரில் கழுவி, இரண்டிலும் தண்ணீர் எடுத்தான். அவள் கொடுத்த ஒரு சரையைப் பிரித்து, ஒன்றில் ஒரு சிட்டிகை போட்டான். கொண்டு வந்த போத்தலிலிருந்து மற்றதில் ஒரு சிட்டிகை. அவளையே இரண்டிலும் சுண்ணாம்பைக் கரைத்து விடச் சொன்னான். அவள் விரலால் கலக்கப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்து, ஒரு குச்சியைக் கொடுத்தான். முதல் சிரட்டை மஞ்சளாயிற்று. மற்றது அடுப்புக் கரிபோலக் கறுத்தது.

"இது எது? அது எது?"

"கறுத்தது மருந்து. பூரம். மஞ்சள்..." பாலத்துக்கு அப்பால் எங்கோ முதலாளியின் ஐந்து பிள்ளைகளும் அவனுடைய பிழைப்பும் இருந்தன. "மஞ்சள் வீரம். நஞ்சு. ரண்டும் பாதரசத்திலை செய்த உப்புத்தான். ரண்டுக்கும் எழுத்திலை சின்ன வித்தியாசம். நான் பிழையா வாசிச்சுப்போட்டன். பிழை என்னிலைதான்."

வேலாயி சிரட்டையைக் கீழே வைத்தாள். "வீரமா? எங்க ஊரு வைத்தியரு அதத் தகரப் பெட்டியில போட்டு, பெட்டிய மண்ணுல பொதச்சு வச்சிருந்தாரு. வீரம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நான் கையாலயே தொட்டிருக்க மாட்டேன்." அவள் திட்டுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். திட்டவில்லை. முகம் மட்டும் கறுத்துப் போயிற்று. மடியிலிருந்த சரைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். பிரித்ததோடு சேர்த்துப் பதினொன்று.

"ஒண்டு குறையுது."

அவள் ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"வேலாயி, ஒண்டு எங்கை?"

"பாலத்துக்கு அந்தாண்ட அம்பலத்துல ஒரு பையன் கெடந்தான், ஐயா. புதுசா வந்த கும்பலு. திருச்சிப் பக்கமாம். இருவது நாளா நடந்து வந்திருக்காங்க. இவனால முடியலன்னு கங்காணி பொண்டாட்டியோட விட்டுட்டுப் போயிட்டாரு. ரத்தமா போகுதுன்னு அந்தப் புள்ள அழுதுச்சு." "பன்னெண்டு இருக்கேன்னு ஒண்ணக் குடுத்தேன். கஞ்சி வச்சு அதுல குடுன்னு சொன்னேன்."

சுள்ளி ஊதிக்கொண்டிருந்த பெண். புகைக்குள்ளிருந்து நிமிர்ந்தவள். வாயெடுத்தவள். பொன்னுத்துரை அந்த இடத்தைத் தாண்டித்தான் வந்திருந்தான். கையில் முட்டைக் கூடையோடு, பத்தடி தூரத்தில்.

பூரப் போத்தலையும் கரண்டியையும் அவளிடம் நீட்டினான். "இந்தக் கரண்டியிலை தலை வழிச்சு ஒண்டு, ஒரு ஆளுக்கு. நீங்கள் போங்கோ. உங்கடை ஆக்கள் காத்திருப்பினம்."

அவள் போத்தலை வாங்கி மடியில் முடிந்துகொண்டாள். ஆனால் மலைப் பக்கம் திரும்பவில்லை. "நான் குடுத்தது அது. நான் வந்து சொன்னாத்தான் அந்தப் புள்ள நம்பும்" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு முன்னால் ஆற்றை நோக்கி நடக்கத் தொடங்கினாள். அவள் நடையோடு ஈடுகொடுக்க அவன் ஓட வேண்டியிருந்தது.

அம்பலத்தில் நெருப்புப் பற்றியிருந்தது. சின்ன மண்சட்டியில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பெண் நெருப்புக்குப் பக்கத்தில் இல்லை. படுத்திருந்தவன் எழுந்து தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுக்க, அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாலம்மா!" என்று கூவிக்கொண்டு வேலாயி ஓடினாள். "குடுத்துட்டியா?"

"கஞ்சி கொதிக்கிறதுக்குள்ள அவரே அவுத்து வாயில போட்டுக்கிட்டாரு, அக்கா." "தொண்ட எரியுதுன்னு பாதியத் துப்பிட்டாரு. கொஞ்சம் காயிதத்துல ஒட்டியிருந்துச்சு. ராவைக்குக் குடுக்கலாம்னு மடிச்சு வச்சேன்."

பொன்னுத்துரை அந்தக் காகிதத்தை வாங்கிப் பிரித்தான். கால்வாசி இருந்தது. துப்பியது எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு? யார் சொல்ல முடியும்? "எவ்வளவு நேரம்?"

"இப்பத்தாங்க. நீங்க முதல்ல ஓடி வந்தப்ப டாக்குத்தராட்டம் இருக்காரேன்னு கூப்புடலாம்னு பாத்தேன். அதுக்குப் பொறகு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான்."

அவன் மண்டியிட்டுக் கூடையைத் திறந்தான். மூன்று உடைந்து உமியோடு குழம்பிக் கிடந்தன. ஐந்து முழுதாக இருந்தன. ஒன்றைத் தட்டி, ஓட்டின் இரண்டு பாதிக்கும் மாற்றி மாற்றி ஊற்றி, மஞ்சள் கருவைப் பிரித்து வெண்கருவை மட்டும் பாலம்மாவின் செம்பில் விட்டான். தண்ணீர் சேர்த்துக் கலக்கினான். வீரம் வெண்கருவைக் கண்டால் அதைப் பிடித்துக்கொண்டு கட்டியாகிவிடும். குடலைப் பிடிக்காது. ஆனால் பிடித்தது அங்கேயே தங்கவும் கூடாது. தங்கினால் மறுபடி கரைந்துவிடும். கொடுக்க வேண்டும், வெளியே எடுக்க வேண்டும், மறுபடி கொடுக்க வேண்டும். இதெல்லாம் அவன் படித்தது. ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை.

"பேர் என்ன?"

"லெட்சுமணன்" என்றாள் பாலம்மா. அவனுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. உதட்டின் உள்பக்கம் வெந்ததுபோல் வெளுத்திருந்தது.

"லெட்சுமணன், இதைக் குடியும். நோகும். எண்டாலும் குடியும்."

இரண்டு வாய் குடித்தான். பொன்னுத்துரை அவன் வாய்க்குள் விரலை விட்டான். வழுவழுவென்று வெள்ளைக் கட்டியாக வெளியே வந்தது. அதில் மெல்லிய இளஞ்சிவப்பு நூல் ஒன்று. வேலாயி அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அடுத்த முட்டை. மறுபடி. மூன்றாவது முட்டைக்குப் பிறகு நூல் இல்லை. அது நல்லதா, உள்ளே இன்னும் ஆழத்தில் ஏதோ நடக்கிறதா? அவனுக்குத் தெரியவில்லை.

மழை முற்றாக விட்டு, மேற்கே மலைக்கு மேல் வெயில் கொஞ்சம் தலைகாட்டிற்று. வேலாயி எழுந்தாள். லயத்துக்குப் போய்ச் சேர இருட்டிவிடும். அவள் பாலம்மாவின் தலையில் கைவைத்து ஒருமுறை அழுத்திவிட்டு, சாக்கை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். பொன்னுத்துரையைப் பார்த்தாள். "நீங்க இருப்பீங்கல்ல?"

"ஓம். இருக்கிறன்."

அவள் பாலத்தை நோக்கிப் போனாள். சக்கரம் கழன்ற வண்டியை ஒருவாறு ஓரத்துக்குத் தள்ளியிருந்தார்கள். காத்து நின்ற வண்டிகள் மணியோசையோடு நகரத் தொடங்கின.

பாலம்மா கஞ்சியை இறக்கி வைத்தாள். பிறகு, நெருப்பைப் பார்த்தபடியே கேட்டாள். "அந்த அக்கா தங்கமானவங்க. நல்லதுன்னு நெனச்சுத்தான குடுத்தாங்க. அது என்ன மருந்துங்க?"

அவளிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். நாளைக்கு இவர்கள் எந்த மலையில் எந்தத் துரையிடம் இருப்பார்களோ. சாட்சி சொல்ல வரமாட்டார்கள். பேரைக்கூட மறந்துவிடுவார்கள்.

"அது மருந்தில்லை, பிள்ளை" என்றான். "நஞ்சு. அவ மேலை ஒரு பிழையும் இல்லை. கண்டியிலை கடையிலை இருந்து அதை மடிச்சுக் குடுத்தவன் நான்தான். என்ரை பேர் பொன்னுத்துரை."

பாலம்மா திரும்பி அவனைப் பார்த்தாள். நனைந்த கோட்டையும், முழங்கால் இரத்தத்தையும், அவன் விரல்களில் பசைபோல் காய்ந்து கிடந்த வெண்கருவையும் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று அவனால் படிக்க முடியவில்லை. பிறகு நகர்ந்து வந்து, கணவனின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு இருக்குதுல்ல?" என்றாள்.

பொன்னுத்துரை நான்காவது முட்டையை உடைத்தான். மஞ்சள் கருவில் ஒரு துளி வெண்கருவோடு சேர்ந்துவிட்டது. அதை ஓட்டு விளிம்பால் மெதுவாக எடுத்துப் போட்டான். செம்பை லெட்சுமணனின் வாயருகே கொண்டு போனான். அவன் கண்ணை மூடியபடியே உதட்டைத் திறந்தான். நெருப்பு வெளிச்சம் அவன் கழுத்தில் விழுந்தது. மெலிந்த கழுத்து. வெண்கரு உள்ளே போயிற்று. இரண்டு பேரும் அந்தத் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அசையாமல் நின்றது, நின்றது, பிறகு மெல்ல ஒருமுறை ஏறி இறங்கிற்று.